ரெசின் பொம்மையும் நம்ம பேரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கிய படத்தைப் போட்டிருந்தேன். அதன் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். “டீச்சர், புதுசா கொலு ஆரம்பிக்கிறோம். மண் பொம்மை வாங்கலாமா, ரெசின் வாங்கலாமா? ரெசின் ஏன் இந்த விலை சொல்றாங்க?” ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் ரெசின் விஷயத்தில் நானே மூன்று பாடம் படித்தேன். மூன்றிலும் நான்தான் மக்கு மாணவி.

முதல் பாடத்தை நடத்தியது என் பேரன்.

மகள் வயிற்றுப் பேரன், பெங்களூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. “பாட்டி, கையில காசு இல்ல. நீங்க குடுத்துடுங்க, அப்புறம் தர்றேன்” என்றான். 2,800 ரூபாய். எண்ணிக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், என் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மை. வர்ணம் கிடையாது. கை தனியாக, வாள் தனியாக, தலை தனியாக ஒரு கவரில் கிடந்தன.

“டேய், இதுக்கா 2,800? பொம்மை உடைஞ்சு வேற வந்திருக்கு!” என்று கத்தினேன்.

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். மேஜையில் வைத்து ஆடும் விளையாட்டுக்கான பொம்மையாம் அது. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம். நம் தாயக்கட்டை போல, ஆனால் இருபது முகம் வரைக்கும் உள்ள கட்டைகளை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி கதை நகரும். 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்திலிருந்து இந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியதாம். நானும் சும்மா இருக்கவில்லை. விஞ்ஞானக் கதைகள் எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிமுறை எழுதி ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகம் போட்டவர் என்று சொன்னேன். பையன் அசந்துபோனான்.

நாங்கள் ஆடுபுலி ஆட்டத்துக்கு என்ன வைத்தோம்? கோயில் மண்டபத்தில் கரித்துண்டால் கோடு போட்டு, மூன்று புலிக்கு மூன்று கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. செலவு பூஜ்யம். அதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் விடவில்லை. “அப்போ கொலுவுக்கு மட்டும் ஏன் பாட்டி பொம்மை வாங்கறீங்க? பத்துக் கூழாங்கல்லை வெச்சு தசாவதாரம்னு சொல்லலாமே?”

என்னிடம் பதில் இல்லை. ஆகையால் அவன் சொன்னதை உட்கார்ந்து கேட்டேன். உங்களுக்கும் அது பயன்படும்.

ரெசின் என்பது ஊற்றும்போது திரவம், சிறிது நேரத்தில் கெட்டிப்படும் பிசின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை செய்ய இதில் இரண்டு வழி. பழைய வழி, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவது. ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புக்கு மேல் தாங்காது. ஓரம் கிழியும், விவரம் மழுங்கும். பிறகு புது அச்சு எடுக்க வேண்டும். கலக்கும்போது காற்று உள்ளே போனால் குமிழி விழும். சரியாகக் குமிழி எங்கே விழும்? மூக்கு நுனியில், விரல் நுனியில்! இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இந்தத் தொழிலில் பெரிய நிறுவனம். அவர்கள் 2011ல் உலோகப் பொம்மைகள் பலவற்றை ரெசினுக்கு மாற்றியபோது, குமிழி ஓட்டை என்று வாங்கியவர்களிடம் நிறையப் பேச்சு வாங்கினார்கள்.

புது வழி, கம்ப்யூட்டரில் உருவத்தைச் செதுக்கி, முப்பரிமாண அச்சுக் கருவியில் எடுப்பது. தொட்டியில் இருக்கும் திரவத்தின் மேல் புறஊதா ஒளியைக் காட்டக் காட்ட, அடுக்கடுக்காகக் கெட்டிப்படும். ஓர் அடுக்கு சாதாரணமாக 0.05 மில்லிமீட்டர். கணக்குப் போடுங்கள்: 32 மில்லிமீட்டர் உயரப் பொம்மைக்கு எத்தனை அடுக்கு? 640. எடுத்த பிறகு ஆல்கஹாலில் கழுவி, முட்டுக்கொடுத்த குச்சிகளை ஒடித்து, மறுபடி ஒளியில் காயவைத்து, தழும்பைத் தேய்க்க வேண்டும். ஒரு பொம்மை நடுவில் கோணிக்கொண்டால் தொட்டியில் இருக்கிற அத்தனையும் வீணாகலாம்.

“சரிடா, அந்தப் பிசின் எவ்வளவு ஆகும் ஒரு பொம்மைக்கு?” என்று கேட்டேன். சில ஸ்பூன்தான், முப்பது ரூபாய்கூட ஆகாது என்றான். “அப்போ 2,800 கொள்ளைதானே?” என்றேன். அதற்கு அவன் சொன்னான்: “பாட்டி, உங்களுக்கு ஸ்கூல்ல சாக்பீஸ் விலையா சம்பளமா குடுத்தாங்க?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் சரியான கேள்வி. அந்த உருவத்தை முதலில் செதுக்கியவனுக்குக் கூலி, அச்சுக்கூலி, வீணானது, தேய்த்து எடுத்தவன் கூலி, கப்பல் கூலி, வரி, கடைக்காரர் லாபம். பிசின் விலை இதில் சாக்பீஸ்.

அதற்காக எல்லா விலையும் நியாயம் என்று சொல்லவில்லை. ஓர் ஆட்டத்துக்கு அந்தக் கம்பெனிப் பொம்மைதான் வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, வருஷா வருஷம் விலையை ஏற்றினால் அது வேறு கதை. பேரனிடமும் அதைச் சொன்னேன். விலைக்குள் கூலி எவ்வளவு, பெயர் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்து வாங்கு என்றேன். சரி என்றான். 2,800 இன்னும் வரவில்லை.

இரண்டாவது பாடம் அன்று ராத்திரி படுத்தபோது வந்தது.

வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் மாட வீதி ஓரமாகத் தார்ப்பாய் விரித்து உட்காரும் ஒரு பெரியவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம். மண்ணும் காகிதக் கூழும் கலந்த பொம்மை. கொலுப் பொம்மை என்றாலே நம் பக்கத்தில் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு விளாச்சேரி என்று சொல்வார்கள். அவரிடம் நான் பதினைந்து வருஷமாக வாங்குகிறேன். என்னை “டீச்சரம்மா” என்பார்.

போன வருஷம் அவரிடம் கல்யாண செட்டு வாங்கினேன். மாப்பிள்ளை, பெண், ஐயர், நாதஸ்வரம், தவில், சீர்வரிசை எடுத்து வரும் பெண்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள், மொத்தம் பதினான்கு பொம்மை. 2,200 சொன்னார். நான் 1,500ல் ஆரம்பித்தேன். “கட்டுப்படி ஆகாது டீச்சரம்மா” என்றார். நடந்துபோகிற மாதிரி பாவனை செய்தேன். கூப்பிட்டு 1,600க்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லியும் காட்டினேன்.

1,600ஐ பதினான்கால் வகுத்தால் ஒரு பொம்மைக்கு 114 ரூபாய். பேரனின் கட்டைவிரல் பொம்மை ஒன்றின் விலைக்கு அவருடைய பொம்மை இருபத்து நாலு வரும். அந்த 2,800ஐ நான் மூச்சு விடாமல் எடுத்துக் கொடுத்தேன். பார்சல் கொண்டுவந்த பையனிடம் பேரம் பேச முடியாது. அச்சடித்த விலை. தரையில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் மட்டும் என் வாய் நீள்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் காகிதக் கூழில் பொம்மை செய்யவும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களில் பலர் என் கைவேலை வகுப்பில் மாம்பழமும் வாழைப்பழமும் செய்தவர்கள்தான். ஒரு பழம் காய எத்தனை நாள் ஆனது, எத்தனை வெடித்தது, வெள்ளை அடித்து வர்ணம் தீட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். மழை வந்தால் வகுப்பே முடங்கும். இவ்வளவும் தெரிந்தவள் நான். தெரிந்தும் 600 ரூபாயைக் குறைத்தேன். தெரியாமல் செய்தவர்களைவிட என் தப்பு பெரிது.

மூன்றாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. அதில் இரண்டு பகுதி.

நாத்தனார் மகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காக ஒரு கடையில் வெள்ளை வெளேரென்று ஒரு தட்சிணாமூர்த்தி வாங்கினேன். “மார்பிள் மேடம்” என்றார்கள். 1,450 ரூபாய். கையில் எடுத்தால் நல்ல கனம். நம்பினேன். மூன்று மாதத்தில் ஜன்னல் பக்கம் இருந்த தோள் மஞ்சளடித்தது. பிறகு ஒரு நாள் துணி தட்டி விழுந்து கை ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி மாவு. மார்பிளாவது ஒன்றாவது! மலிவு ரெசினில் சலவைக்கல் தூளைக் கலந்து வார்த்தது. கடையில் கேட்டதற்கு “மார்பிள் டஸ்ட்தான் மேடம், அதத்தான் மார்பிள்னு சொல்றோம்” என்று கூசாமல் சொன்னார்கள்.

ரெசினை ரெசின் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கிரிவலத்துக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள், பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோக ரெசின் வசதி. மண் பொம்மை போய்ச் சேருவதற்குள் மண்ணாகிவிடும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும் சௌகரியம்தான். ஆனால் பொருளின் பெயரை மாற்றிச் சொல்லி வாங்குகிற விலை, விலை இல்லை. பொய்க்குக் கொடுக்கிற காசு.

அடுத்த பகுதிதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது.

இரண்டு வாரம் முன்னால் வேறோர் ஊரில், ஏசி போட்ட ஒரு கடையில், கண்ணாடி அலமாரிக்குள் ரெசினில் ஒரு கல்யாண செட்டு பார்த்தேன். அழகான பளபளப்பு. விலை 4,500. ஆசையாகக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தவில்காரர் குச்சியை வலது கையில் பிடித்திருந்தார்.

தவில் தெரிந்தவர்களுக்குப் புரியும். வழக்கமாகக் குச்சி இடது கையில். வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டி வாசிப்பார்கள். என் வீட்டு செட்டிலும் தவில்காரருக்குக் குச்சி வலது கையில்தான். போன வருஷமே பெரியவரிடம் “தப்பா பண்ணிட்டீங்களே” என்று கேட்டிருந்தேன். “தப்பு இல்ல டீச்சரம்மா, அது எங்க அப்பா எடுத்த அச்சு. அவரு இடதுகைக்காரரு. எங்க ஊர்ல அவரு மாதிரியே ஒரு தவில்காரரு இருந்தாராம், அவர நெனச்சு பண்ணது” என்று சிரித்தார்.

பரீட்சையில் காப்பி அடித்தவனை வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? சரியான விடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சரியான விடை எல்லாருக்கும் ஒன்றுதான். பக்கத்துப் பையனின் வித்தியாசமான விடையும் அப்படியே இருந்தால்தான் மாட்டுவான். இதுவும் அப்படித்தான். யாரோ அவர் பொம்மையை வாங்கி, அதன் மேலேயே ரப்பர் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்திருக்கிறார்கள். நகலுக்கே உரிய அடையாளமும் இருந்தது. ஐயரின் மூக்கு மழுங்கியிருந்தது, நாதஸ்வரத்தின் துளைகள் பாதி அடைந்திருந்தன. கடைக்காரரைக் கேட்டேன். “மொத்தமா வர்ற சரக்கு மேடம், யார் செஞ்சதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்” என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

பேரனிடம் போனில் சொன்னபோது, அவர்கள் விளையாட்டுப் பொம்மையிலும் இதே திருட்டு உண்டு, அசலை வாங்கி அச்சு எடுத்துப் பாதி விலைக்கு விற்பார்கள் என்றான். அங்கே நகல் பாதி விலைக்குப் போகிறது. இங்கே நகல் இரண்டு மடங்கு விலைக்குப் போகிறது. அந்த அளவுக்கு நாம் அசலை மலிவாக வைத்திருக்கிறோம்.

மனசு கேட்காமல் பெரியவருக்குப் போன் செய்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “நம்ம பொம்மை 4,500க்குப் போவுதா டீச்சரம்மா? அப்போ நான் 2,200 சொன்னது அதிகமில்லல்ல?”

அவருக்குத் தன் விலை மேலேயே சந்தேகம் வர வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் மகன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். “அச்செல்லாம் வீட்லதான் இருக்கு. பிசைய ஆளு இல்ல” என்றார்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் கருத்து இதுதான்.

மண்ணா ரெசினா என்பது இரண்டாவது கேள்வி. யார் செய்தது, என்ன பொருள், விலை எதற்கு என்பது முதல் கேள்வி. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதன் விலை நமக்குப் புரிகிறது. மற்றதற்கும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

வாங்கும்போது முதலில் மூக்கையும் விரல்களையும் பாருங்கள். மழுங்கியிருந்தால் தேய்ந்த அச்சு, அல்லது நகல். பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வர்ணம் படாத இடத்தில் பொருளின் குட்டு வெளிப்படும். கனத்தை வைத்து மார்பிள் என்று நம்பாதீர்கள். வெயில் படும் இடத்தில் வெள்ளை ரெசினை வைக்காதீர்கள். ரசீதில் “ரெசின்” என்றோ “மண்” என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

நீரில் கரைக்கும் பிள்ளையாருக்கு ரெசின் வேண்டவே வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் களிமண்ணைத்தான் சொல்லியிருக்கிறது. ரெசின் ஏரியில் கரையாது, கிடக்கும்.

பேரன் வயதுப் பிள்ளைகள் வீட்டிலேயே அச்சுக் கருவி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காயாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும். கையுறை போடாமல் தொடக்கூடாது. படுக்கையறையில் வைக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. பெற்றோர்களே, “பையன் ரூமில் ஏதோ படிக்கிறான்” என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, பேரம். அச்சடித்த விலைக்கு வாயை மூடிக்கொள்கிற நாம், கையால் செய்தவரிடம் மட்டும் வாயைத் திறப்பதை நிறுத்துவோம். வசதி இல்லையென்றால் பதினான்குக்குப் பதில் ஏழு வாங்குங்கள். பாதி செட்டு கொலுவில் நின்றால் அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பெரியவரின் அச்சுகளை அவர் மகனே ரெசினில் வார்த்து, தன் பெயர் போட்டு விற்றால் என்ன என்று பேரன் கேட்கிறான். நல்ல யோசனைதான். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். சிலிக்கான் அச்சு, சிறுதொழில் கடன், இணையத்தில் விற்பனை பற்றி விவரம் தெரிந்த என் மாணவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

இந்த வருஷம் அவர் தார்ப்பாய் விரிக்கும் முதல் நாளே போகப் போகிறேன். போன வருஷத்து 600 ரூபாய் பாக்கி என் பர்ஸில் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். வாங்க மாட்டேன் என்று சொல்வார். நானும் டீச்சர்தான், விடமாட்டேன்.

கொலுவுக்கு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். இடக்கைத் தவில்காரரை நாலாவது படியில் வைப்பேன். வந்து பார்த்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவண்ணாமலை.